மஞ்சள் கோடு போட்ட திருகு

தொழிற்சாலையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சரவணன் கேட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்த அதே பராமரிப்புப் பிரிவில் இன்று பொறியாளராக இருப்பவர் அவர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் என்பதால் என்னைக் கைப்பேசி வழியாக மட்டுமே அறிவார். தேர்வாய் கண்டிகையில் நிறுவனம் புதிய ஆலை திறக்கப்போகிறது. அதை ஒட்டித்தான் மலர்.

"ரெண்டு பக்கம் போதும் சார். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு காணொளியையும் அனுப்பியிருந்தார். "எம்.டி. போட்டது சார். உங்க காலத்துக் கதை ஒண்ணு இதுல வருது. அதையே எழுதலாம் பாருங்க."

ஒன்பது நிமிடக் காணொளி. நிறுவனத்தின் இன்றைய நிர்வாக இயக்குநர், அதாவது பழைய முதலாளியின் மகன் நிகில், தம் வீட்டுக் கார்க்கூடத்தில் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டு நிற்கிறார். பின்னால் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் எஞ்சின் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று படிப்படியாக விளக்குகிறார். ஏழாம் நிமிடத்தில் எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கையில் எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார்.

"பர்ஸ்ட் டைம் நான் இத டைட் பண்ணப்போ ஃபுல் ஃபோர்ஸ் குடுத்துட்டேன். மரை போச்சு. மறுநாள் ஹைவேல எஞ்சினே போச்சு. அப்பா ரெண்டு நாள் எங்கூட பேசல. ஸோ, மிஸ்டேக் பண்ணாதான் கத்துக்க முடியும்."

அவருடைய தந்தை இரண்டு நாள் பேசாமல் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் திருகை முறுக்கியவர் என்னோடு வேலை பார்த்த முனுசாமி என்றுதான் தொழிற்சாலைக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் நான். சரவணன் கேட்ட இரண்டு பக்கத்துக்கு என்னிடம் வேறு செய்தி இல்லை.

கடம்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் நெல் விளைவித்த குடும்பம் என்னுடையது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு, பிறகு நிரந்தரம். கடம்பத்தூரில் ஒரு ரயில், சென்னையில் இறங்கிக் கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு ரயில் என்று பல ஆண்டுகள் போய்வந்தேன். அந்தப் பயண நேரத்தில் படித்து அஞ்சல்வழியில் தமிழ்ப் பட்டமும் பெற்றேன். அதனால் எனக்கு ஒரு கூடுதல் வேலை வாய்த்தது. பிரிவில் யாருக்கு விண்ணப்பம், முறையீடு, விளக்கக் கடிதம் எது தேவைப்பட்டாலும் என்னிடம் வருவார்கள். "ஏகாம்பரம் எழுதினா மறுபேச்சு இருக்காது" என்பார்கள். அந்த நல்ல பெயரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பராமரிப்பு மேலாளர் கோதண்டராமன். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரையும் "வாங்க, போங்க" என்றே அழைப்பார். எதையும் கட்டளையாகச் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "இப்படிச் செஞ்சா எப்படி இருக்கும்னு பாருங்களேன்" என்பார். செய்தே ஆகவேண்டும் என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

எங்கள் பிரிவில் ஒரு முறையை அவர் நிலைநாட்டியிருந்தார். எந்தத் திருகையும் எந்த நட்டையும் இறுதியாக முறுக்கி முடித்ததும், அதன் தலைமீது தொடங்கிப் பக்கத்து உலோகத்தின்மேல் முடியும்படி மஞ்சள் வண்ணத்தில் ஒரு நேர்க்கோடு போட வேண்டும். திருகு பிறகு இம்மி அளவு நகர்ந்தாலும் கோடு முறிந்துவிடும், தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். இது பல ஆலைகளில் உள்ளதுதான். எங்களிடம் இருந்தது இதற்கும் மேலான ஒரு விதி: முறுக்கிய கைதான் கோடு போட வேண்டும். பதிவேட்டில் 'முறுக்கியவர்', 'கோடு போட்டவர்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே பெயர் இல்லையென்றால் அந்த எந்திரத்தை ஓட்ட அவர் அனுமதிக்கமாட்டார்.

சோதிக்கும் விதமும் தனி. சட்டைப்பையிலிருந்து சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, திருகின் கழுத்தைச் சுற்றி ஒருமுறை அழுத்துவார். எண்ணெய்க் கறை படிந்தால் திட்டமாட்டார். கைக்குட்டையை மடித்து, வேலை செய்தவரின் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் அவர் மேசையில் வைக்க வேண்டும். ஒருமுறை எனக்கும் அது நேர்ந்தது. எத்தனை சோப்புப் போட்டும் கறை முழுவதும் போகவில்லை. அன்று நான் பட்ட வெட்கத்தைப் போல வேறெந்தத் தண்டனையும் என்னைத் திருத்தியிருக்காது. அவரை நான் நம்பினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முனுசாமி ஒப்பந்தத் தொழிலாளி. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம். சிறு வயதிலேயே படகு எஞ்சின்களைப் பிரித்துப் பழகியவர். ஓடுகிற கம்ப்ரஸர்மேல் உள்ளங்கையை வைத்து, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். பதினோர் ஆண்டுகள் எங்களோடு ஒரே வேலையைச் செய்தார். ஆனால் எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, அவருக்கு நீலம். உணவுக்கூடத்தில் சாம்பல் சட்டைகள் உண்டு எழுந்த பிறகே நீலச் சட்டைகள் உட்கார வேண்டும்.

"அண்ணா, எனக்கு வேற ஆசை இல்ல" என்பார். "ஒரு தபா சாம்பல் சட்ட போட்டுக்கினு உன் பக்கத்துல குந்திச் சாப்பிடணும். சாம்பார் சூடா இருக்கும்ன்றாங்களே, அது நெசமான்னு பாக்கணும்."

பிரிவே சிரிக்கும். அவருடைய நிரந்தரத்துக்காக மூன்று மனுக்கள் எழுதப்பட்டன. மூன்றையும் எழுதியவன் நான். மூன்றாவது மனு முதலாளியின் மேசைவரை போயிருந்தது.

இனி எஞ்சின் போன அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு வருகிறேன். புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் பாதையில் முதலாளிக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. கார் அங்கேதான் நிற்கும். அதற்குரிய பணிமனை சென்னைக்கு அப்பால் இருந்தது. காரை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். "கம்ப்ரஸரையே பிரிச்சு மாட்டற ஆளுங்க நம்மகிட்ட இருக்கறப்ப இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்பார் முதலாளி. ஆகவே எண்ணெய் மாற்றும் ஞாயிறுகளில் நானும் முனுசாமியும் பண்ணை வீட்டுக்குப் போவோம். வருகைப் பதிவேட்டில் அது ஏறாது. மறுக்க எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அந்த வேலையை நான் விரும்பினேன் என்பதையும் மறைக்கக் கூடாது. கார் தரையோடு தரையாக இருக்கும். சாதாரண ஜாக் அதன் அடியில் நுழையாது. முதலில் இரண்டு பலகைகளைப் போட்டு முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, கிடைத்த இடைவெளியில் ஜாக்கைச் செலுத்தி, தாங்குகால்களில் நிறுத்த வேண்டும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய்தான் அழுக்கோடு முழுதாக வடியும். எஞ்சினைக் கீழிருந்து மூடும் அடித்தகட்டில் இருபதுக்கு மேற்பட்ட திருகுகள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போக, அட்டையில் படம் வரைந்து துளையிட்டுச் செருகி வைப்போம். வடிகால் திருகைக் கழற்றினால் எண்ணெய் முதலில் கயிறுபோல் விழும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். கடைசிச் சொட்டுவரை காத்திருக்க வேண்டும்.

புதிய வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவிக் கையால் மட்டும் முறுக்க வேண்டும். வடிகால் திருகுக்கு ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண்ணெய்த் தொட்டி அலுமினியம். எங்கள் ஆலையின் எஃகைப் போல முரட்டுக் கையைத் தாங்காது. முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சைக் குறித்த அளவுக்கு வைத்து முறுக்கினால் ஒரு சொடுக்கு ஒலி கேட்கும். கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு, எங்கள் வழக்கப்படி, மஞ்சள் கோடு.

முதலாளிக்கு அந்தக் கோடு மிகவும் பிடிக்கும். விருந்தினர்களைக் குனியவைத்துக் காட்டுவார்.

மூன்றாம் முறை நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை, வாசலிலேயே முதலாளி முனுசாமியின் தோளைத் தட்டினார். "உன் பேப்பரு பாத்துட்டேன்பா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்." முனுசாமி கைகூப்பினார். காரின் அடியில் படுத்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "அண்ணா, காதுல சரியாத்தான வுழுந்துச்சு?" என்று கேட்டார்.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். எண்ணெய் வடிந்து முடிந்து, புதிய வாஷரோடு திருகை நான் கையால் ஏற்றி முடித்த நேரத்தில் அவரும் அடியில் புகுந்தார். "நான் டைட் பண்றேன்" என்றார். முதலாளி வெளியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "அவன் கையால போடட்டும்பா, படம் எடுக்கறேன்" என்றார்.

டார்க் ரெஞ்சைக் கொடுத்தேன். சொடுக்கு ஒலி கேட்டது. "அவ்வளவுதான் சார், எடுத்துடலாம்" என்றேன்.

"லூசா இருக்கிற மாதிரி இருக்கே?" என்று சொல்லிக்கொண்டே, பக்கத்தில் கிடந்த நீளமான ஸ்பேனரை எடுத்துத் திருகில் மாட்டி இழுத்தார். ஒருமுறை, இருமுறை. மூன்றாம் இழுப்பில் அவருடைய மணிக்கட்டு சட்டென்று இலேசாகத் திரும்பியதை நான் பார்த்தேன். உலோகம் எதிர்ப்பதை நிறுத்தும்போது கை அப்படித்தான் திரும்பும். "சூப்பர்!" என்று சொல்லி அவர் வெளியேறினார்.

முனுசாமி என் காதருகே வந்தார். "அண்ணா, மரை போச்சு."

"தெரியுது. சும்மா இரு."

"எண்ணெ ஊத்தினா ஒழுவும். ரோட்டுல போனா திருகே கயண்டு வுழுந்துரும். சொல்லிரலாம்ணா."

"இப்ப சொன்னா அவர் புள்ளயக் குத்தம் சொன்ன மாதிரி ஆவும். நாளைக்கு உன் பேப்பர்ல கையெழுத்து. புதன் வரைக்கும் வண்டி எடுக்க மாட்டாங்க. செவ்வாக்கிழம வந்து சத்தம் போடாம புது மரை போட்டுடலாம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அவரு முறுக்கினதுக்கு நீ கோடு போடுவியா?"

அதே வேளையில் வெளியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "ஏகாம்பரம், மஞ்சக் கோடு போட்டாச்சா? அதையும் ஒரு படம் எடுக்கணும்."

தூரிகையை எடுத்தேன். கோடு போட்டேன். வழக்கமான நேர்க்கோடு. பிறகு எண்ணெய் ஊற்றினோம், அப்போதைக்கு ஒழுகவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே மகன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொல்கத்தா நெடுஞ்சாலையில், புதுவாயலைத் தாண்டிச் சில மைல் தொலைவில், திருகு கழன்று விழுந்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. எண்ணெய் முழுவதும் கொட்டி எஞ்சின் இறுகிப்போயிற்று. சாலையோரம் தேடிக் கண்டெடுத்த திருகைப் பிற்பகலில் ஆலைக்குக் கொண்டுவந்தார்கள்.

மாலை நான்கு மணிக்குக் கோதண்டராமன் என்னை அழைத்தார். அவர் மேசைமீது விரித்த வெள்ளைக் கைக்குட்டையில் அந்தத் திருகு இருந்தது. தலையில் பாதிக் கோடு.

"உக்காருங்க ஏகாம்பரம். இந்தக் கோடு நீங்க போட்டதா?"

"ஆமா சார். ஆனா முறுக்கினது நான் இல்ல. சின்னவரு. நான் சொல்லச் சொல்ல..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். "யாரு முறுக்கினதுன்னு எனக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரியும். படமே இருக்கே. ஆனா கார்க் கம்பெனிக்காரன் யாரு வேலை பாத்ததுன்னு கேக்கறான். எழுத்துல ஒரு பேரு வேணும். பையன் பேரு வராதுன்னு பெரியவர் சொல்லிட்டார்."

"அப்ப என் பேரைப் போட்டுடுங்க சார்."

"உங்களுக்குச் சங்கம் இருக்கு. உங்க மேல கை வெச்சா விசாரணை வரும். ஞாயித்துக்கிழமை ஆலை ஆளுங்க எதுக்கு வீட்டுக்குப் போனாங்கன்னு கேள்வி வரும். முனுசாமிக்கு அப்படி இல்ல. ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் பண்ணாப் போதும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க நல்லா எழுதுவீங்க. ரெண்டு வரி. எழுதிப் பாருங்களேன்."

'முறுக்கியவரும் கோடு போட்டவரும் ஒருவராக இருக்க வேண்டும்' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று என் மகளுக்குத் திருமணம் உறுதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஃபோர்மன் பதவிக்கு அடுத்த பெயர் என்னுடையது. இவற்றைக் காரணமாகச் சொல்லவில்லை. எழுதும்போது இவை என் நினைவில் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

எழுதினேன். "ஞாயிறன்று வடிகால் திருகை முறுக்கியவர் ஒப்பந்தத் தொழிலாளர் முனுசாமி. நான் மேற்பார்வை மட்டுமே செய்தேன்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. கோதண்டராமன் படித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு திருகை எடுத்து இழுப்பறையில் போட்டார். கறை படிந்த கைக்குட்டையை மடித்தார். என் சட்டைப்பையில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். தம் பையிலேயே வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை முனுசாமியின் நுழைவு அட்டையை வாயிற்காவலர் வாங்கிக்கொண்டார். நான் அப்போது ஆலைக்குள்ளே கம்ப்ரஸர் அறையில் இருந்தேன். வெளியே போய்ப் பார்த்திருக்கலாம். பன்னிரண்டு மணிவரை அந்த அறையைவிட்டு வரவில்லை. அடுத்த ஆண்டு ஃபோர்மன் ஆனேன். ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடை போர்த்தி, 'இவர் போட்ட கோடு முறிந்ததே இல்லை' என்று மேடையில் பாராட்டினார்கள். கோதண்டராமன் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பாராட்டைக் கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

காணொளி வந்த வாரத்தில் பழவேற்காட்டுக்குப் போனேன். பதினான்கு ஆண்டுகளில் முதல் முறை. ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட ஓரிடத்தில் முனுசாமி படகு எஞ்சின்கள் பழுதுபார்க்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழவில்லை. ஆனால், "வாண்ணா, குந்து" என்று ஒரு பழைய டயரைக் காட்டினார்.

அவருடைய இரண்டு கைகளிலும் மசகு. ஆகவே கைப்பேசியை நானே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நிமிடத்தில் என் கண் திரையில் இல்லை. அவர் முகத்தில் இருந்தது. அதில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது நிமிடமும் பார்த்து முடித்தார்.

"இன்னமும் பாரு, பழைய வாஷரையே போட்டுக்கினு கீறான்" என்றார்.

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு தந்த துணிவில், "முனுசாமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சாயங்காலம் கோதண்டராமன் சார் ரூம்ல..." என்று தொடங்கினேன்.

"தெரியும்ணா."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? அட்டைய வாங்கறப்போ ஒப்பந்தக்காரரு ஒரு தாளக் காட்டினாரு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? எனக்காவ மூணு மனு எழுதிக் குடுத்தவன் நீ. அந்த 'மு'வுக்கு நீ போடற சுழி வேற எவன் போடுவான்?"

ஏரியிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் ஒரு துணியை எடுத்து விரல் விரலாகத் துடைக்கத் தொடங்கினார்.

"இத்தினி வருசம் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப? பொண்ணு கண்ணாலம்னு சொல்லியிருப்ப. அது எனக்கும் தெரியுமே." துணியை உதறினார். "இந்தப் பையன் சிரிச்சிக்கினே சொல்றான். ஊருக்கே சொல்றான். வெக்கம் இல்லாம சொன்னானோ இன்னாவோ, சொல்லிட்டான். நீ என் காதுல சொல்றதுக்கு இவ்ளோ தூரம் பஸ்ஸு புடிச்சி வந்துகீற. என் காதுக்கு அது எதுக்குண்ணா? நீ எழுதின தாளு அங்கதான கீது?"

பிறகு, "டீ சாப்பிடறியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். பஸ் ஏறினேன்.

சரவணன் அவர்களே, இதை நீங்கள் மலரில் வெளியிடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எம்.டி.யின் படம் முதற்பக்கத்தில் வரும் மலரில் இதற்கு இடம் இருக்காது. ஆயினும் ஒன்று செய்யுங்கள். பராமரிப்புப் பிரிவின் பழைய கோப்புகளில் என் கையெழுத்துள்ள இரண்டு வரித் தாள் ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்து, இந்தக் கட்டுரையை அதன்மேல் சேர்த்துக் கட்டுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவேட்டில் வரி இல்லை. அது இருந்திருந்தால் இப்படி நிரப்பியிருக்க வேண்டும்:

முறுக்கியவர்: முதலாளியின் மகன் நிகில்.
கோடு போட்டவர்: ஏகாம்பரம்.
மரை போனதை அப்போதே சொன்னவர்: முனுசாமி.

மூன்றாவது கட்டம் எங்கள் பதிவேட்டில் கிடையாது. அதை நான் வரைந்துகொண்டேன்.